கேப்டன், ஒரு பொய் சொல்லுங்க

ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே காரில் வேலைக்கு வந்து, ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காருகிற இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருப்பது அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. ஆனால் சின்னவன் அதைப் போன வாரத்திலிருந்து கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தான்.

காரில் பின்சீட்டு. சாப்பாடு தன் அறையில். விமானத்துக்குள் ஏறினால் மட்டும், வேலை கேட்கிற அளவுக்கு, அளந்து அளந்து நாலு வார்த்தை. அதிலும் 'அண்ணி' போய் 'கேப்டன்' வந்துவிட்டது.

அந்தக் 'கேப்டன்' காதில் விழும்போதெல்லாம் பைலட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. தெருவில் அவளுக்குப் பேரே பைலட்டம்மாதான். பால்காரர் முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் கேப்டன் என்று கூப்பிடட்டும். தோளுக்கு மேல் வளர்ந்த கொழுந்தன் கூப்பிட்டால் வலிக்கத்தானே செய்யும்?

நடந்தது இதுதான். சின்னவனுக்குக் கேப்டன் பதவி கொடுக்கலாமா என்று வாடகை விமானக் கம்பெனி முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "நல்லா ஓட்டறான் சார். ஆனா இன்னும் ஆறு மாசம் போகட்டும்" என்றாள். "ஏன்?" என்று கேட்டதற்கு, "முடியாதுன்னு சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரல" என்றாள். முதலாளியின் அறைக்குள் சொன்னது, சாயங்காலத்துக்குள் சின்னவன் காதுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கணவனைக் கேட்டால், அவன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

கணவன், அதாவது பெரியவன், அதே கம்பெனியில் கீழே உட்கார்ந்து விமானங்களை அனுப்பி வைக்கிற ஆள். எந்த விமானம், எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு எரிபொருள் என்று எல்லாம் அவன் கணக்கு. அந்த விஷயத்தில் ஒரு துளி பிசகமாட்டான். வாய்தான் கொஞ்சம் ஓட்டை.

அன்றைக்குக் காலையிலும் அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "மத்தியானத்துக்கு மேல அங்க இடி மழை வரலாம்னு போட்டிருக்கான். அங்க இறங்க முடியலன்னா போற மாத்து ஊருக்கும் சேர்த்து எண்ணெய் போட்டாச்சு."

"உங்க தம்பி எங்க?"

"விமானத்துகிட்ட நிக்கறான். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு."

"அதைக் கீழ இறக்கி வைக்க நீங்கதான் ஏதாவது சொல்லக் கூடாதா?"

"நான் வாயைத் திறந்ததாலதானே வந்தது வினை!"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "பயணி யாரு?"

பெரியவனின் குரல் இறங்கியது. "மூணு பேர். ஒரு அம்மா, அவங்க பொண்ணு, அந்த அம்மாவோட தம்பி. அந்த அம்மாவோட பையன் அங்க ஆஸ்பத்திரியில கிடக்கறான். ஈரல் கெட்டுப் போச்சாம். நாளைக்குக் காலையில ஆப்பரேஷன். பொண்ணுதான் தன்னோடதுல பாதியை வெட்டிக் குடுக்கறா."

பைலட்டம்மா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பயணிகள் கூடத்தில் ஒரு பெரிய மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தபடி, எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு வயதான அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் பக்கத்தில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி. விரல் நகங்களில் பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் கறை. சின்னக் குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறவளாம்.

"பாப்பா, தண்ணி குடிச்சியா? பாப்பா, மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்று மாமாக்காரர் போனுக்கும் அவளுக்குமாகப் பேசினார். எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

வாடகை விமானம் ஓட்டுகிறவர்களிடம் மனிதர்கள் கேட்காதது கிடையாது. கிளியை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பார் ஒருவர். தன் குறட்டையை யாரும் கேட்கக் கூடாது, இஞ்சினைக் கொஞ்சம் சத்தமாக ஓட்டுங்கள் என்பார் இன்னொருவர். பிரிந்து போன மனைவியின் வீட்டுக்கு மேலே பறக்கும்போது மட்டும் ஒரு தடவை சாய்த்துக் காட்டச் சொன்னவர் உண்டு. போன மாதம் ஒரு தொழிலதிபர், "தம்பி, என் பேக்டரி மேல தாழப் பறந்து ஒரு சுத்து சுத்துவோமா?" என்று கேட்டார். சின்னவன் அவளை ஒரு வார்த்தை கேட்காமலே "தாராளமா சார்" என்றுவிட்டான். அவள் முடியாது என்று சொல்லி, அந்த மனிதர் முகம் சுருங்கி, வழியெல்லாம் சண்டை. அந்தத் 'தாராளமா'தான் முதலாளியின் அறையில் அவள் நாக்கில் வந்து நின்றது.

ஆனால் அன்றைக்கு வந்த கோரிக்கை அந்த வரிசையில் சேராதது.

கிளம்புமுன் கை கழுவப் போனாள். குழாயை மூடித் திரும்பினால், பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"நீங்கதானே ஓட்டப் போறீங்க?"

"ஆமாம்மா. பயப்படாதீங்க, ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்."

"போக வேண்டாம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பாதி வழியில திருப்பிடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஏதாவது ஒரு பொய் சொல்லுங்க, கேப்டன். இஞ்சின் கோளாறு, மழை, என்ன வேணா. நீங்க சொன்னா மாமாகூட நம்புவார். இன்னிக்குப் போக முடியலன்னா அது யார் தப்பும் இல்ல, இல்லையா?"

பைலட்டம்மா ஈரக் கையோடு நின்றாள்.

"எங்கண்ணன் என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன். தரமாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா தர்றியான்னு யாரும் கேக்கவும் இல்ல. பொருந்துதுன்னு டெஸ்ட்ல வந்தது. உடனே மாமா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு, பாப்பா தர்றான்னு சொல்லிட்டார். எல்லாரும் வந்து கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அதுக்கப்புறம் எனக்குப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது? நான் வேண்டாம்னு சொல்லி அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அப்படிப் பொய் சொல்ல முடியாதும்மா. கோளாறுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா..."

"பாப்பா!" வெளியே மாமாவின் குரல். "எவ்வளவு நேரம்?"

"கொஞ்சம் யோசிங்க. கால்ல வேணா விழறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, "இதோ வந்துட்டேன் மாமா" என்றாள். அந்தக் குரலில் அழுகையின் சுவடே இல்லை. அதுதான் பைலட்டம்மாவை என்னவோ செய்தது.

கணவனிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டாம். பெரியவன் காதில் போட்டால் விமானம் மேலே ஏறுவதற்குள் மாமாவுக்கே தெரிந்துவிடும்.

விமானம் ஏறிச் சமநிலைக்கு வந்தது. வெயில் கண்ணாடியில் அடித்தது. சின்னவன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டுப்பாட்டு நிலையத்தோடு மட்டும் பேசினான். பின்னால் ஒரு திரைதான் மறைப்பு. அதைத் தாண்டி ஏழு இருக்கைகளில் மூன்று பேர்.

பைலட்டம்மாவின் எதிரே அத்தனை முள்ளும் பச்சையில் இருந்தது. எதிலும் குறை இல்லை. 'ஒரு பொய். ஒரே ஒரு பொய். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கிடைக்கும்' என்று ஒரு மனம் சொன்னது. 'அங்கே கிடக்கிறவனுக்கு அந்த ஒரு நாள் இல்லாமல் போனால்?' என்றது இன்னொன்று.

இறங்க வேண்டிய ஊருக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது வானொலியில் செய்தி வந்தது. ஓடுபாதைக்கு மேலே இடி மழை. முன்னால் போன இரண்டு விமானங்கள் இறங்க முடியாமல் வட்டமடிக்கின்றன.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த கணம் அந்த அப்பாடாவைக் கண்டே அவள் பயந்துபோனாள். இருபது வருஷமாக ஓட்டுகிறாள். இறங்குகிற இடத்தில் இடி மழை என்று கேட்டு மனம் லேசானது இதுதான் முதல் தடவை.

விதிப்படி பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியில் சொன்னாள். "அங்க வானிலை சரியில்ல. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வரலாம். முடியலன்னா வேற ஊர்ல இறங்குவோம்." திரையின் இடுக்கில் திரும்பிப் பார்த்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அம்மாள் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் அவளை நேராகப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், மடியில் இரண்டு கையையும் குவித்தாள்.

பைலட்டம்மாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. தனக்காகத்தான் இந்த மழைப் பொய் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள்!

"தம்பி" என்றாள் மெதுவாக.

சின்னவன் திரும்பவில்லை. "சொல்லுங்க கேப்டன்."

"இது வீட்டு விஷயம் இல்ல. கேளு." வாஷ்ரூமில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"இப்போ எனக்குத் திரும்பிடணும்போல இருக்கு. அது மழையைப் பார்த்து வர்ற நினைப்பா, அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்து வர்றதான்னு எனக்கே பிடிபடல. என் தராசு சாஞ்சிருக்கு. அதனால நீ சொல்லு. நீயே ஓட்டு. ஆபத்தா ஏதாவது செஞ்சா மட்டும் தடுப்பேன்."

"என்னைச் சோதிச்சுப் பார்க்கறீங்களா?"

"சத்தியமா இல்ல. என்னால முடியல."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். வாரம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பாத கண். பிறகு ரேடார் திரையில் சிவப்பும் மஞ்சளுமாகத் திரண்டிருந்த மேகத்தைப் பார்த்தான். எரிபொருள் முள்ளைப் பார்த்தான். மாற்று ஊரின் வானிலையைக் கேட்டு வாங்கினான்.

"மேகம் கிழக்கே நகருது. கொஞ்ச நேரம் வட்டமடிப்போம். எண்ணெய் இந்தக் கோட்டுக்கு வந்ததும், ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்ப்போம். ஓடுபாதை விளக்கு கண்ணுல பட்டா இறங்கறோம். படலன்னா மேல ஏறி, நேரா மாத்து ஊர். இன்னொரு தடவை முயற்சி கிடையாது. யார் கெஞ்சினாலும்."

"சரி" என்றாள். அவள் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

வட்டமடிக்க ஆரம்பித்தார்கள். வெள்ளையாக இருந்த மேகம் சாம்பல் ஆகி, கறுத்தது. விமானம் குலுங்கியது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். திரை சரக்கென்று விலகியது. மாமா நின்றார், இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு.

"என்ன விளையாட்டு இது? அங்க ஒரு உயிர் ஊசலாடுது. சுத்திச் சுத்தி வர்றீங்க? இறக்குங்க கீழ!"

பைலட்டம்மா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் சின்னவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "இங்க அஞ்சு உயிர் இருக்கு சார். போய் உட்கார்ந்து பெல்ட் போடுங்க."

"நான் யாரு தெரியுமா? உங்க முதலாளி எனக்கு..."

"பெல்ட் போடாத ஒரு பயணி. அவ்வளவுதான் சார் எனக்குத் தெரியும். இறங்க முடிஞ்சா இறங்குவேன். முடியலன்னா முடியாது. திரையை மூடிட்டுப் போங்க."

திரை மூடியது. 'முடியாதுன்னு சொல்ல வாய் வரல' என்று இவனைப் பற்றித்தானே சொன்னேன் என்று பைலட்டம்மா நினைத்துக்கொண்டாள். காது மடல் சுட்டது.

எண்ணெய் முள் அவன் சொன்ன கோட்டைத் தொட்டது. "இறங்கறோம்" என்றான்.

ஓட்டுகிறவன் கண் கருவிகளில் இருக்கும். வெளியே பார்த்து, ஓடுபாதை விளக்கு தெரிகிறதா என்று சொல்ல வேண்டியது பக்கத்தில் இருப்பவரின் வேலை. குறித்த உயரம் வரை விளக்கு தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

கண்ணாடியில் மழை அறைந்தது. துடைப்பான்கள் அடித்துக்கொண்டன. பைலட்டம்மா உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெளியே பால் கொட்டினாற்போல் வெறும் வெள்ளை. ஒன்றுமில்லை. இன்னும் கீழே. ஒன்றுமில்லை.

அப்போது தெரிந்தது. மழைக்குள் கரைந்தாற்போல், மங்கலாக, இரண்டு வரிசை விளக்கு.

அவள் பார்த்துவிட்டாள். அவன் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி இருந்தால் போதும். அவன் மேலே ஏற்றிவிடுவான். மாற்று ஊருக்குப் போய்விடுவான். யாரும் பொய் சொல்லவில்லை, யார் மேலும் தப்பில்லை. குவித்த அந்தக் கைகள் கண் முன்னால் வந்தன. கூடவே, இதுவரை பார்த்தே இராத ஒரு பையன், எங்கோ ஒரு கட்டிலில்.

"விளக்கு!" என்றாள். குரல் உடைந்து வந்தது. "நேரா முன்னால!"

"பார்த்துட்டேன். இறங்கறேன்."

சக்கரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையில் அழுந்தியது.

விமானம் நின்றதும் பைலட்டம்மா குடையோடு முதல் ஆளாகக் கீழே இறங்கினாள். மாமா யாருக்கோ போன் போட்டுக்கொண்டே, ஆஸ்பத்திரிக் காரை நோக்கி மழையில் ஓடினார். அடுத்ததாக அந்தப் பெண் இறங்கினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பைலட்டம்மாவைப் பார்க்காமலே தாண்டிப் போகப் பார்த்தாள்.

பைலட்டம்மா குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"என்னால பொய் சொல்ல முடியலம்மா. திட்டணும்னா திட்டிக்குங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. ஆப்பரேஷனுக்கு முன்னால உங்களைத் தனியா உட்கார வெச்சு ஒரு டாக்டர் பேசுவார். உங்கண்ணனைப் பார்க்கற டாக்டர் இல்ல, வேற ஒருத்தர். அம்மா, மாமா யாரும் உள்ள வரக் கூடாது. இந்த மாதிரி டாக்டர்களை நான் எத்தனையோ தடவை ஏத்திட்டுப் போயிருக்கேன். எனக்கு இப்போ முடியாதுன்னு அவர்கிட்ட சொன்னீங்கன்னா, 'இவங்க உடம்பு இதுக்குச் சரிப்படாது'ன்னு மட்டும்தான் வெளியில சொல்வாங்க. நீங்க சொன்னது அந்த அறையைத் தாண்டாது."

அந்தப் பெண் நின்றுவிட்டாள். "நிஜமாவா?"

"நிஜமா. அவர் கேட்டா, சரின்னு தலையை ஆட்டிடாதீங்க. அவ்வளவுதான்."

"பாப்பா! வா, வா!" கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாமா கத்தினார். அவள் ஓடினாள்.

பைலட்டம்மா படிக்கட்டுக்குத் திரும்பினால், அந்த அம்மாள் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டினாலும் இறங்கவில்லை.

"என் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "என்கிட்டயா..."

"பார்த்துக்கிட்டுதாம்மா இருந்தேன். கை கழுவற இடத்துலேருந்து வரும்போது அவ கண்ணைப் பார்த்தேன். நீங்க மைக்குல பேசினதும் அவ உங்களைக் கும்பிட்டதையும் பார்த்தேன்."

"அதை அவங்ககிட்டயே கேளுங்கம்மா."

"கேட்டா ஒண்ணுமில்லம்மான்னு சொல்லுவா. பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து அதையேதான் சொல்றா." அம்மாளின் விரல்கள் பைலட்டம்மாவின் கையை இறுக்கின. "விமானம் சுத்தினப்போ நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இது இறங்கவே வேண்டாம்னு. அடுத்த மூச்சுலயே, சீக்கிரம் இறங்கட்டும், என் பையனைப் பார்க்கணும்னு. இதுவா, அதுவான்னு தெரியாம ஒருத்தி வேண்டுவாளா? எனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு."

"அம்மா, இதை என்கிட்ட சொன்னீங்களே, இப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க. கார்லயே சொல்லுங்க."

அம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மழையில் நடந்தாள்.

விமானிகள் ஓய்வறையில் ஒரு சோபா, ஒரு காபி இயந்திரம், சத்தமில்லாமல் ஓடுகிற ஒரு டி.வி. சின்னவன் இரண்டு காபி எடுத்துவந்தான். ஒன்றை அவள் முன்னால் வைத்தான். அவனாக அவளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது ஒரு வாரத்துக்கப்புறம் இப்போதுதான். அவள் கண் கலங்குவதற்குள் ஒரு வெடியைப் போட்டான்.

"விளக்கை எப்போ பார்த்தீங்க?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னதும் நான் தலை நிமிர்ந்தேன். அப்பவே ரெண்டு வரிசையும் நல்லாத் தெரிஞ்சுது. உங்க கண்ணு என் கண்ணை விடக் கூர்மை. முன்னாலயே பார்த்திருப்பீங்க."

மறுத்தால் நம்புவான். அல்லது நம்புகிற மாதிரி இருந்துவிடுவான். "பார்த்தேன்" என்றாள். "ஒரு மூச்சு. வாய் வரல."

"வாய் வரலன்னு முதலாளிகிட்ட யாரைப் பத்தியோ சொன்னீங்களாமே" என்றான். குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடிக்குமுன் உதடு கோணிச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு முதலாளியைப் பார்க்கறேன். நீ தயார்னு சொல்றேன். இன்னிக்கு நான் தயங்கினதையும் சொல்றேன்."

"அது வேண்டாம் அண்ணி. உங்களைக் கொஞ்ச நாளைக்கு ஓட்ட விடாம கீழ உட்கார வெச்சிடுவாங்க."

"வெக்கட்டும். அதைச் சொல்லாம இதை மட்டும் சொன்னா, நான் எப்படி உன் பக்கத்துல உட்கார்றது?"

அவன் மேற்கொண்டு பேச வாயெடுத்தபோது அவள் போன் அடித்தது. பெரியவன்.

"கிளம்பத் தயாரா இருங்க. உங்க பயணிங்க போன் பண்ணியிருந்தாங்க. இன்னிக்கே திரும்பணுமாம்."

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"யாரு?"

"அதைக் கேட்டேன். அந்த அம்மாதான் பேசினாங்க. 'ஒரு ஆளு'ன்னு சொன்னாங்க, அதுக்கு மேல பேச முடியல, வெச்சிட்டாங்க. ஏம்மா, அங்க ஏதாவது..."

பைலட்டம்மா போனை வைத்துவிட்டாள். அம்மாவா? அம்மா ஏன் பையனை விட்டுத் தனியாகத் திரும்ப வேண்டும்? மாமாவா? அல்லது அந்தப் பையனுக்கே ஏதாவது... அதற்கு மேல் நினைக்க அவள் துணியவில்லை. சின்னவன் எண்ணெய் நிரப்புகிறவர்களைத் தேடிப் போனான்.

மழை விட்டு, தரையெல்லாம் பளபளத்துக் கிடந்தது. வெயில் தாழ்கிற நேரத்துக்குக் கார் வந்தது. பின்கதவு திறந்தது.

அந்தப் பெண் இறங்கினாள். தனியாக.

அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பைலட்டம்மாவின் எதிரே வந்து நின்றாள். "நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தர் கேட்டார். நான் தலையை ஆட்டல. அழுதேன். அவர் ஒண்ணுமே சொல்லாம, முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். வெளியில வந்து, இவங்க உடம்பு இப்போ இதுக்குச் சரிப்படாதுன்னு மட்டும் சொன்னார். மாமா இன்னும் அவரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கார்."

"அம்மா?"

"அம்மா என்னைப் பார்த்த உடனே தெரிஞ்சுக்கிட்டாங்க. கட்டிப் பிடிச்சாங்க. நீ வீட்டுக்குப் போ, நான் இவனைப் பார்த்துக்கறேன்னு சொன்னாங்க. அவங்க கோபப்பட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

"அண்ணன்?"

"தூங்கிட்டிருந்தான். கண்ணாடி வழியாப் பார்த்தேன். எழுப்பல." உதட்டைக் கடித்தாள். "எத்தனை நாள் தாங்குவான்னு யாரும் சொல்லல. வேற ஆள் தேடறாங்க."

படியில் ஒரு காலை வைத்தவள் நின்றாள். "கேப்டன், போற வழியில எனக்கு மனசு மாறிட்டா?"

"இன்னிக்கு இந்த விமானத்துல நீங்க ஒருத்தர்தான் பயணி. திருப்பச் சொன்னா திருப்புவேன். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்."

"எண்ணெய் கூடவே போட்டிருக்கேன்" என்றான் சின்னவன் பின்னாலிருந்து. "ஆனா மேடம், வழியில ஒரு பெரிய ஆறு வரும். அதைத் தாண்டிட்டா அப்புறம் திரும்ப எண்ணெய் பத்தாது."

அவள் தலையாட்டிவிட்டு ஏறினாள்.

இருக்கை ஏழிலும் அவள் ஒருத்திதான். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, விமானம் ஏறும்போதும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் இரண்டு பேரும் பேசவில்லை. இது காலையில் இருந்த மாதிரியான மௌனம் இல்லை. காதைப் பின்பக்கம் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மௌனம். மலை வந்தது, போனது. கீழே வயல்களில் நிழல் நீண்டது. தூரத்தில், சாயங்கால வெளிச்சத்தில் தகடு மாதிரி, ஆறு தெரிய ஆரம்பித்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றான் சின்னவன் மெதுவாக.

பைலட்டம்மாவின் கை, தன்னையறியாமல், விமானத்தின் திசையைத் திருப்புகிற குமிழுக்குப் பக்கத்தில் போயிருந்தது. எதற்காகப் போனது? அந்தப் பெண் திரும்ப வேண்டும் என்றா? திரும்பவே கூடாது என்றா?

ஆறு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மணல் திட்டுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

பின்னால் பெல்ட் கழற்றுகிற 'க்ளிக்' சத்தம் கேட்டது. மெதுவான காலடி. அது திரைக்குப் பின்னால் வந்து நின்றது. சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. எது வந்தாலும் அது அந்தப் பெண் வாயிலிருந்தே வரட்டும் என்று, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரை விலகியது.